கருணைச் சரக்கும் டெமரேஜ் கணக்கும்

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குத் தெற்கே, சுவரை ஒட்டியே இருக்கிறது சென்னைத் துறைமுகம். 2009 ஜூன் மாதம், மீன்பிடித் தடைக்காலம் முடிந்து காசிமேட்டு விசைப்படகுகள் கடலுக்குத் திரும்பியிருந்த நாட்களில், அந்தத் துறைமுகத்துக்கு வெளியே சிரியக் கொடி கட்டிய ஒரு சரக்குக் கப்பல் வந்து நங்கூரம் போட்டு நின்றது. கேப்டன் அலி என்பது அதன் பெயர். தமிழ்நாட்டில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. இலங்கையின் வன்னி மக்களுக்காக ஐரோப்பாவில் புலம்பெயர்ந்த தமிழர்கள் திரட்டிய 884 டன் உணவும் மருந்தும் அதில் இருந்தன. அந்த முயற்சிக்கு அவர்கள் வைத்த வணங்காமண் என்ற பெயரே கப்பலின் பெயராகவும் நிலைத்துவிட்டது. மே மாதத் தொடக்கத்தில் பிரான்சிலிருந்து கிளம்பியபோது முள்ளிவாய்க்காலில் போர் நடந்துகொண்டிருந்தது. இலங்கைக் கடலை எட்டும் முன்பே போர் முடிந்துவிட்டது. ஜூன் 4 அன்று இலங்கைக் கடற்படை கப்பலை மறித்துக் கொண்டுபோய்ச் சோதனை போட்டது. ஆயுதம் எதுவும் அகப்படவில்லை. ஆனாலும் சரக்கை இறக்க விடாமல் திருப்பி அனுப்பியது. அதன் பிறகுதான் கப்பல் சென்னைக்கு வந்தது. உணவும் குடிநீரும் குறைந்துகொண்டே போன நிலையில் மாலுமிகள் வாரக்கணக்கில் கடலில் காத்திருந்தார்கள். முதலமைச்சர் கருணாநிதி மத்திய அரசுக்கு எழுதினார். வெளியுறவு அமைச்சர் எஸ்.எம். கிருஷ்ணா இலங்கைத் தூதுக்குழுவிடம் பேசினார். சரக்கைச் செஞ்சிலுவைச் சங்கம் வழியாக ஏற்றுக்கொள்ள ஜூன் மாத இறுதியில் கொழும்பு சம்மதித்தது. ஜூலைத் தொடக்கத்தில் சரக்கு சென்னைத் துறைமுகத்தில் இறங்கியது, கன்டெய்னர்களில் ஏறியது, வேறொரு கப்பலில் கொழும்புக்குப் போனது. போன இடத்திலும் துறைமுகக் கட்டணம், வரி என்று மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தது.

இந்தக் கதையைத் தமிழில் பலரும் எழுதிவிட்டார்கள். பெரும்பாலும் இரக்கமின்மையின் கதையாகவே எழுதினார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் இரக்கம் இருந்த இடத்திலும் அந்தச் சரக்கு நகரவில்லை என்பதை யாரும் போதிய அளவு கவனிக்கவில்லை. தில்லியில் இரு அரசுகளும் ஒப்புக்கொண்ட நாளில் அரசியல் தடை நீங்கிவிட்டது. அதற்குப் பிறகும் சரக்கைப் பிடித்து வைத்தது ஒரு கணக்கு: கப்பல் சும்மா நின்ற நாட்களின் வாடகை, ஏற்றியிறக்கிய கூலி, கன்டெய்னர் வாடகை, முகவரின் செலவு, துறைமுகத்தில் கிடந்த நாட்களுக்கான டெமரேஜ். இந்தச் செலவெல்லாம் யாருடையது? போர்க்கால நிவாரணத்துக்காகக் கொடுத்த கப்பலும் சரக்கும் பட்ட நட்டத்தைப் போருக்குப் பிறகு யார் ஏற்பது? நாடுகளுக்கு இடையிலான போர்களில் இதற்கு அரைகுறையாகவேனும் ஒரு விடை உருவாகியிருக்கிறது. உள்நாட்டுப் போருக்கு அப்படி எதுவும் இல்லை. விடை இல்லாத இடத்தில் துறைமுகத்தின் அன்றாட வணிக விதி தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. அப்போது நட்டம், அதைத் தாங்கத் திராணியே இல்லாதவர்கள் தலையில் போய் விடிகிறது. வணங்காமண் விஷயத்தில் நடந்தது இதுதான் என்பது என் வாதம்.

அந்த வணிக விதி எவ்வளவு இறுக்கமானது என்பதற்குச் சென்னைத் துறைமுகத்தின் வழக்கு ஒன்றே சாட்சி. வடசென்னையில் டெமரேஜ் என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் காசிமேடு, திருவொற்றியூர் வழியாக வரிசை கட்டி நிற்கும் டிரெய்லர் ஓட்டுநருக்கும் அது தெரியும், ராயபுரத்துக் கிளியரிங் ஏஜென்ட்டுக்கும் தெரியும். இலவச நாட்கள் கழிந்ததும் கணக்கு ஓடத் தொடங்கும். நாள் ஏற ஏறக் கட்டணமும் ஏறும். இறக்குமதிக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் தடுத்து வைத்ததால் எடுக்க முடியாமல் போன சரக்குக்கும் இந்தக் கட்டணம் உண்டா என்ற கேள்வி சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்துக்கும் அமின்சந்த் பியாரேலால் என்ற இறக்குமதி நிறுவனத்துக்கும் இடையே எழுந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. உண்டு என்று 1975-இல் தீர்ப்பானது. இறக்குமதியாளர் மேல் தவறு இல்லாவிட்டாலும் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்த சரக்குக்குத் துறைமுகம் கட்டணம் கேட்கலாம், சரக்கு சீக்கிரம் வெளியேற வேண்டும் என்பதே அந்தக் கட்டணத்தின் நோக்கம் என்றது நீதிமன்றம். வணிகத்துக்கு இது சரியான விதி. துறைமுகம் கிடங்கு அல்ல. ஒருவர் சரக்கு தேங்கினால் அடுத்தவர் கப்பல் வெளியே காத்திருக்க வேண்டும். அன்று நடப்பில் இருந்த 1963-ஆம் ஆண்டுப் பெருந்துறைமுகச் சட்டத்தில் கட்டணம் கட்டாத சரக்கை இரண்டு மாதத்துக்குப் பிறகு ஏலம் விடும் அதிகாரமும் இருந்தது. ஆனால் அதே சட்டத்தின் 53-ஆம் பிரிவு இன்னொரு கதவையும் திறந்து வைத்திருந்தது: தனிப்பட்ட நேர்வுகளில், காரணத்தை எழுத்தில் பதிந்து, கட்டணத்தை முழுவதுமோ ஒரு பகுதியோ தள்ளுபடி செய்யலாம். ஆக, விலக்கு அளிக்கத் துறைமுகச் சட்டம் தயாராகவே இருந்தது. விலக்குக்கு உரியது எது என்று அதற்குச் சொல்லித்தர ஒரு பொது விதிதான் இல்லை.

காப்புறுதி எதற்கு இருக்கிறது என்று கேட்கலாம். கடல் வணிகம் நூற்றாண்டுகளாக நம்பி வந்த துணை அது. ஆனால் நிவாரணச் சரக்குக்கு மிகவும் தேவைப்படும் இடத்தில்தான் அது கைவிடுகிறது. இந்தியக் கடல் காப்புறுதிச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, தாமதத்தால் விளையும் நட்டத்துக்குக் காப்புறுதி நிறுவனம் பொறுப்பாகாது என்கிறது. காப்பு செய்யப்பட்ட ஆபத்தே அந்தத் தாமதத்துக்குக் காரணமாக இருந்தாலும் விதி இதுதான். கப்பல் மூழ்கினால் பணம் உண்டு. கப்பல் மூழ்காமல், யாரும் சுடாமல், துறைமுக வாசலில் மாதக்கணக்கில் நின்று பால்மாவும் மருந்தும் காலாவதி ஆனால் எதுவும் இல்லை. நிவாரணக் கப்பல்களுக்குப் பெரும்பாலும் நேர்வது இரண்டாவது வகை இழப்புதான்.

ஒரு நூற்றாண்டுக்கு முன்பு இதே சென்னை இந்தக் கேள்வியை வேறு மாதிரி கையாண்டது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் வந்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுவிட்டுப் போனதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்த முதல் உலகப் போருக்காகச் சென்னை மாகாணம் ஒரு மருத்துவக் கப்பலை அனுப்பியது பலருக்கு மறந்துவிட்டது. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் டாண்டா என்ற புத்தம்புதுக் கப்பலை மருத்துவமனையாக மாற்றி, மெட்ராஸ் என்று பெயரிட்டு அனுப்பினார்கள். ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு காலத்தில் தொடங்கப்பட்ட மெட்ராஸ் போர் நிதி அதன் செலவை ஏற்றது. கிஃபர்ட் என்ற இந்திய மருத்துவப் பணி அதிகாரியின் பொறுப்பில், மெசபடோமியப் போர்முனையின் காயம்பட்டவர்களை அது சுமந்தது. அன்றைய பேரரசின் போரை நான் புகழவில்லை. கவனிக்க வேண்டியது கணக்கு. கப்பல் யாருடையது, செலவு யாருடையது என்பதெல்லாம் கிளம்பும் முன்பே தெளிவாக இருந்தது. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன், 1904 டிசம்பரில், ஹேக் நகரில் ஒரு சிறிய உடன்படிக்கை கையெழுத்தாகியிருந்தது. போர்க்காலத்தில் மருத்துவக் கப்பல்களிடம் அரசுக்குச் சேரும் துறைமுகக் கட்டணங்களையும் வரிகளையும் வாங்கக் கூடாது என்பதே அதன் உள்ளடக்கம். கருணையைச் சுமக்கும் கப்பலைத் துறைமுகக் கணக்கு முடக்கிவிடக்கூடும் என்பதை உலகம் அப்போதே உணர்ந்திருந்தது என்பதற்கு அந்த உடன்படிக்கை ஆதாரம். அதன் குறையும் அதன் வாசகத்திலேயே இருக்கிறது: விலக்கு மருத்துவக் கப்பலுக்கு மட்டும், அதுவும் அரசுக்குச் சேரும் கட்டணத்துக்கு மட்டும். உணவு மூட்டைக்கு இல்லை, தனியார் வாடகைக்கும் இல்லை. (அந்த டாண்டா போர் முடிந்ததும் பயணிகள் கப்பலாகத் தொழிலுக்குத் திரும்பியது. 1944 ஜூலையில், மருத்துவக் கப்பலின் பாதுகாப்பு எதுவும் இல்லாத நிலையில், மங்களூருக்கு அப்பால் ஜெர்மானிய நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டது.)

நிவாரணக் கப்பலின் நட்டத்துக்குப் போருக்குப் பிறகு பொறுப்பைத் தீர்த்துக்கொண்ட மிகப் பெரிய நேர்வு ஜப்பானுடையது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் பிடியில் இருந்த நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்கு உணவும் மருந்தும் சேர வேண்டும் என்று அமெரிக்கா கேட்டது. அவா மாரு என்ற ஜப்பானியக் கப்பல் அவற்றைத் தென்கிழக்கு ஆசியத் துறைமுகங்களுக்குக் கொண்டுபோனது. வழியில் யாரும் தாக்க மாட்டோம் என்று அமெரிக்கா உறுதி கொடுத்தது. கப்பலின் உடலில் வெள்ளைச் சிலுவைகள் வரையப்பட்டிருந்தன. நிவாரணத்தை இறக்கிவிட்டுச் சிங்கப்பூரிலிருந்து திரும்பும் வழியில், 1945 ஏப்ரல் 1 இரவு, தைவான் நீரிணையில் குயின்ஃபிஷ் என்ற அமெரிக்க நீர்மூழ்கி அதை மூழ்கடித்தது. 2,000 பேருக்கு மேல் இறந்தார்கள். பிழைத்தவர் ஒரே ஒருவர். அமெரிக்கா தப்பிக்கப் பார்க்கவில்லை. நீர்மூழ்கியின் தளபதியை இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தியது, தன் பொறுப்பை ஒப்புக்கொண்டது, இழப்பீட்டுப் பேச்சைப் போர் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றது. திரும்பும்போது அந்தக் கப்பல் போருக்குப் பயன்படும் சரக்கையும் ஏற்றி வந்தது என்ற குற்றச்சாட்டு இருந்தது. அதைக் காரணமாகச் சொல்லி, தான் கொடுத்த வாக்கை அமெரிக்கா மறுக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பிறகு நடந்ததுதான் பாடம். போர் முடிந்தபோது ஜப்பான் தோற்று, அமெரிக்கப் படைகளின் ஆட்சியில் இருந்தது. 1949 ஏப்ரலில் டோக்கியோவில் ஓர் உடன்பாடு கையெழுத்தானது. அவா மாரு தொடர்பான எல்லா உரிமைக் கோரிக்கைகளையும், தன் சார்பிலும் தன் மக்கள் சார்பிலும், ஜப்பான் அரசு கைவிட்டது. அமெரிக்கா செய்துவரும் பொருளாதார உதவிக்கு நன்றி என்பதே சொல்லப்பட்ட காரணம். அந்த உதவி ஜப்பான் திருப்பித் தர வேண்டிய கடன்தான் என்ற குறிப்பிலும் உடனேயே கையெழுத்து வாங்கப்பட்டது. இறந்தவர்களின் குடும்பங்களையும் கப்பல் உரிமையாளரையும் கவனிக்கும் பொறுப்பு ஜப்பான் அரசின் தலையில் விழுந்தது. அடி கொடுத்தவர் பொறுப்பை ஒப்புக்கொண்டார். பணத்தை அடிபட்டவரே கட்டினார். எழுதி வைத்த வாக்குறுதியே இப்படி நீர்த்துப்போகும் என்றால் எழுதி வைப்பதால் என்ன பயன் என்று கேட்கலாம். வலுவான கேள்விதான். ஆனாலும் அந்தக் குடும்பங்களுக்குக் கிடைத்த கொஞ்சமும் எதனால் கிடைத்தது? பாதுகாப்பு உறுதி எழுத்தில் இருந்தது, பொறுப்பு எழுத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டது, அதனால் அதைக் கைவிடுவதற்கும் இரு அரசுகள் உட்கார்ந்து எழுத வேண்டியிருந்தது. கைவிட்ட அரசு தன் மக்களுக்குப் பதில் சொல்லியே தீர வேண்டியிருந்தது. எழுத்தே இல்லாத இடத்தில் கைவிடுவதற்குக்கூட எதுவும் இருக்காது.

எழுத்தே இல்லாத இடம் பாக் நீரிணை. 1987 ஜூன் 3 அன்று ராமேசுவரத்திலிருந்து 19 மீன்பிடிப் படகுகள், செஞ்சிலுவைக் கொடியோடு, யாழ்ப்பாணத்துக்கு உணவும் மருந்தும் ஏற்றிக் கிளம்பின. இலங்கைக் கடற்படை மறித்தது, படகுகள் திரும்பின. மறுநாள் இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் நிவாரணப் பொருட்களைப் போட்டதுதான் வரலாற்றில் இடம்பிடித்தது. படகுகளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று கடற்படை சுட்டிருந்தால்? ஒரு விசைப்படகு ஒரு குடும்பத்தின் முழு முதல், பெரும்பாலும் கடனில் வாங்கியது. அன்றைய படகுகளுக்கு இழப்பு நேர்ந்திருந்தால் ஈடு கேட்பதற்கு இரு அரசுகளுக்கும் பொதுவான எந்த விதியும் இருக்கவில்லை. ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்து, ஜூலை 29 அன்று, கொழும்பில் கையெழுத்தான இந்திய இலங்கை ஒப்பந்தம் மாகாண இணைப்பு முதல் திருகோணமலை எண்ணெய்த் தொட்டிகள் வரை பேசியது. நிவாரணம் ஏற்றிச் செல்லும் படகுக்கும் சரக்கிற்கும் யார் பொறுப்பு என்று ஒரு வரி அதில் இல்லை. அந்த ஒரு வரியை அன்றே எழுதியிருந்தால், 22 ஆண்டுகள் கழித்துச் சென்னைக்கு வெளியே நின்ற கப்பலுக்கு அது ஒரு முன்மாதிரியாக இருந்திருக்கும்.

ஜெனீவா ஒப்பந்தங்கள் இதற்கு உதவாவா என்றால், பாதி உதவும். 1949-இன் நான்காம் ஒப்பந்தம் மருந்துக்கும், குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்குமான உணவுக்கும் வழிவிடச் சொல்கிறது. ஆக்கிரமிக்கப்பட்ட பகுதிக்குப் போகும் நிவாரணத்துக்கு வரி, கட்டணம், சுங்கம் கூடாது என்று 61-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் இவை நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையிலான போருக்கு எழுதியவை. உள்நாட்டுப் போருக்கு அந்த ஒப்பந்தங்களில் இருப்பது மூன்றாம் பிரிவு ஒன்றுதான். செஞ்சிலுவை போன்ற நடுநிலை அமைப்பு தன் சேவையை முன்வந்து அளிக்கலாம் என்பதற்கு மேல் நிவாரணம் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. உள்நாட்டுப் போர்களுக்காக 1977-இல் வந்த இரண்டாம் கூடுதல் நெறிமுறையில் இலங்கையும் சேரவில்லை, இந்தியாவும் சேரவில்லை.

சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு அந்த வெற்றிடத்தைத் தன் ஒப்பந்தங்களால் நிரப்பிக்கொண்டது. 2009 பிப்ரவரி முதல் மே 9 வரை அது வாடகைக்கு எடுத்த கப்பல்கள் புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் கரைகளிலிருந்து காயம்பட்டவர்களும் நோயாளிகளும் உடன் வந்தவர்களுமாக 13,000-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுவந்தன. இரு தரப்பின் சம்மதமும் பெற்று, செலவைத் தானே ஏற்று நடத்திய வேலை அது. 2008 நவம்பரில் தமிழ்நாட்டு அரசு திரட்டிய நிவாரணம் இதே சென்னைத் துறைமுகத்திலிருந்து போய், இந்திய அரசின் பெயரில் கொழும்பில் இறங்கி, செஞ்சிலுவை வழியாக மக்களைச் சேர்ந்தது. அனுப்பியவர் அரசு, பெற்றவர் செஞ்சிலுவை, நடுவில் கேள்வி எழவில்லை. எட்டு மாதம் கழித்து அதே துறைமுகம், அதே கடல்வழி, ஏறத்தாழ அதே அரிசி பருப்பு. சரக்கில் வேறுபாடு இல்லை. முதல் சரக்கின் ஒவ்வொரு செலவுக்கும் பெயர் சொல்ல ஒருவர் இருந்தார், இரண்டாவதற்கு இல்லை. அவ்வளவுதான்.

இலங்கையின் தரப்பில் சொல்லப்படுவதைத் தள்ளிவிட முடியாது. அனுமதி வாங்காமல் வந்த கப்பல்; அனுப்பியவர்களில் பலர் விடுதலைப் புலிகளின் ஆதரவாளர்கள் என்று அந்த அரசு நம்பியது; புலிகள் கப்பலில் ஆயுதம் கடத்தியது உலகம் அறிந்தது. சோதனை போட அதற்கு உரிமை உண்டு. நாடுகளுக்கு இடையிலான போரில் ஜெனீவா ஒப்பந்தமே அந்த உரிமையைத் தருகிறது. ஆனால் சோதனை உரிமைக்கு ஒரு முடிவு உண்டு. தேடிப் பார்த்து, எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு நேரும் தாமதம் பாதுகாப்பின் பெயரால் நேரும் தாமதம் அல்ல. அந்த எல்லைக்கு இந்தப்பக்கம் ஆகும் செலவு கப்பலுடையது, அந்தப்பக்கம் ஆகும் செலவு திருப்பி அனுப்பியவருடையது என்று பிரிப்பதில் எந்த நாட்டின் இறையாண்மையும் குறையாது. அதைவிட முக்கியமாக, ஜூன் இறுதியில் சரக்கை ஏற்கச் சம்மதித்த பிறகு அது யாரோ அனுப்பிய பொருள் அல்ல. இரு அரசுகளின் அறிவோடு செஞ்சிலுவைக்குப் போகும் பொருள். அன்று முதல் அதன் மேல் டெமரேஜ் ஏறியதற்குப் பாதுகாப்பு எந்த வகையிலும் காரணமாகாது.

கொடுத்தவர்கள் ஆபத்தை அறிந்தே கொடுத்தார்கள், நட்டத்தையும் அவர்களே ஏற்கட்டும் என்றும் ஒரு வாதம் உண்டு. பொருளைக் கொடுத்தவருக்கு இது பொருந்தலாம். கொடுத்த நிமிடமே அதை இழக்க அவர் தயாராகிவிட்டார். மாலுமிக்கு இது பொருந்தாது. கூலிக்கு வேலை செய்ய வந்து, யாருடைய போர் என்றுகூட அறியாமல், தண்ணீர் குறைந்த கப்பலில் வாரக்கணக்கில் நின்றவருக்கு எந்த ஆபத்தையும் யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள். பசியோடு காத்திருந்தவருக்கும் பொருந்தாது. மெனிக் பாம் உள்ளிட்ட முள்வேலி முகாம்களில் அப்போது இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைபட்டிருந்தார்கள். கொழும்புத் துறைமுகத்தில் சரக்கு கிடந்த ஒவ்வொரு நாளின் நட்டமும் இங்கிலாந்திலோ பிரான்சிலோ இருந்த நன்கொடையாளருக்கு ஆனதல்ல. அது அந்த முகாமில் கைக்குழந்தையோடு இருந்தவருக்கு ஆனது.

நிவாரணம் என்று சீட்டு ஒட்டினால் கட்டணம் இல்லை என்றால் கள்ளக்கடத்தல்காரர் எல்லோரும் அந்தச் சீட்டை ஒட்டிக்கொள்வார்கள் என்பது துறைமுகம் நடத்துகிறவர்களின் கவலை. சரியான கவலை. ஆகவே சீட்டை நம்பி விலக்கு தரக் கூடாது என்பதே என் கருத்தும். அனுப்பும் நாடும் பெறும் நாடும் ஒப்புக்கொண்ட அமைப்பின் பெயருக்கு வரும் சரக்கு, இரு தரப்பும் சோதித்த சரக்கு, இவற்றுக்கு மட்டும் விலக்கு போதும். துறைமுகம் தன் வருமானத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதும் இல்லை. விலக்கு அளிக்கச் சொல்லும் அரசு அந்தத் தொகையைத் துறைமுகத்துக்குக் கட்டிவிடலாம். இரு நாட்டு அமைச்சர்களும் கூடி ஒப்புக்கொள்ளும் ஒரு விஷயத்தில் சில கன்டெய்னர்களின் வாடகை எந்த அரசுக்கும் பெரிய பணம் இல்லை. அதை யார் கட்டுவது என்று எழுதாமல் விட்டதுதான் மாதக்கணக்கில் நீண்டது.

மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் இனி ஒருபோதும் நிவாரணக் கப்பல் போக வேண்டியிராது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. 2022 மே மாதத்தில் இலங்கை பொருளாதார நெருக்கடியில் சிக்கியபோது தமிழ்நாட்டு அரசு அரிசியும் பால்மாவும் மருந்தும் சென்னைத் துறைமுகத்திலிருந்து அனுப்பியது. அரசு அரசுக்கு அனுப்பியதால் போய்ச் சேர்ந்தது. அரசு அனுப்பாத சரக்குக்கும், படகு கொடுக்கும் மீனவருக்கும், வாடகைக்கு வரும் வெளிநாட்டுக் கப்பலின் மாலுமிக்கும் இன்று வரை ஒரு விதி இல்லை. இந்தியாவும் இலங்கையும் மீனவர் பிரச்சினைக்காகக் கூட்டுப் பணிக்குழு வைத்துப் பேசிக்கொண்டிருக்கின்றன. அந்த மேசையிலேயே மூன்று வரிகளை எழுதிக்கொள்ளலாம்: நிவாரணம் ஏற்றிய கலம் காத்திருக்கும் நாட்களின் வாடகையும் மாலுமிகளின் கூலியும் யாருடையவை, இரு அரசுகளும் ஏற்ற சரக்கின் துறைமுகக் கட்டணத்தை யார் கட்டுவது, தாமதத்தில் கெட்டுப்போன பொருளுக்கும் சேதமான படகுக்கும் ஈடு கேட்டு எந்த அலுவலகத்தின் கதவைத் தட்டுவது. கப்பல் கிளம்பிய பிறகு இவற்றைப் பேசத் தொடங்கினால் அதற்குள் இலவச நாட்கள் கழிந்துவிடும்.